கணபதிக்குப் போன ஆறு தொட்டிப் புல்

ஓய்வுபெற்று இரண்டு வருஷம் ஆகிறது. அலுவலகத்திலிருந்து நான் வீட்டுக்குக் கொண்டுவந்தவை ஒரு சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம், கொஞ்சம் சர்க்கரை, நிறையப் பொறாமை. சர்க்கரைக்கு மாத்திரை இருக்கிறது.

பொறாமை செல்வராஜின் மேல். புணேயில் ஒரு தாவர ஆய்வுக்கூடத்தில் என்னோடு முப்பது வருஷம் ஒரே கண்ணாடிக் கூரையின் கீழ் வேலை பார்த்தவன். என்னைவிட இரண்டு வயது சிறியவன், அரையடி உயரம் கூட, தலையில் இன்னும் முடி. இதெல்லாம் மன்னிக்கக் கூடியவை. மன்னிக்க முடியாதது ஒன்று உண்டு. நம் தமிழ்ச் சங்க ஆண்டு மலருக்கு வழக்கமாக நான் எழுதும் நகைச்சுவைக் கட்டுரைக்குப் பதிலாக இந்த முறை அதைத்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ரம்யா என்ற பெண் என்னைக் கைப்பேசியில் கூப்பிட்டாள். எங்கள் கூடத்தில் இப்போது ஆராய்ச்சி செய்கிறவள். வீடு புணேயின் பாணேர் பகுதியில். அப்பா அம்மா தமிழ்; இவள் இங்கேயே பிறந்தவள், தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. தண்ணீர் நிறைய உள்ள இடத்தில் ஒரு செடி எப்படி நடந்துகொள்கிறது, இல்லாத இடத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் காலத்திலும் அந்தக் கூடத்தின் பிழைப்பு. ஆனால் இப்போது ஒவ்வொரு தொட்டியும் தனித்தனி மின்னணுத் தராசின் மேல் உட்கார்ந்திருக்கிறதாம். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தன் எடையைத் தானே சொல்லுமாம், குறைந்த தண்ணீரைத் தானே வாங்கிக்கொள்ளுமாம். ரம்யா வீட்டு சோபாவிலிருந்து பார்த்துக்கொள்கிறாளாம். நான் குனிந்து தூக்கி இடுப்பைத் தொலைத்த வேலை அது. செல்வராஜுக்கு அடுத்தபடியாக அந்தத் தராசுகளின் மேல்தான் எனக்கு எரிச்சல்.

எங்கள் பழைய பென்சில் நோட்டுகளை அவள் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், இந்த ஆறு தொட்டி மட்டும் திடீர்னு தண்ணி குடிக்கறதை பாதியா குறைச்சிடுச்சு. பக்கத்துல இங்கிலீஷ்ல, செல்வராஜ் கணபதி பூஜைக்கு வெட்டினார்னு எழுதியிருக்கு. அதுக்குக் கீழ தமிழ்ல ஏதோ இருக்கு. செல்வா அங்கிளைத்தான் முதல்ல கேட்டேன். அவர் கையெழுத்தே அவருக்குப் புரியலையாம். சுந்தரம் அங்கிள் நல்லா படிப்பார்னு சிரிச்சார். போட்டோ அனுப்பறேன், என்னன்னு சொல்லுங்களேன். காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, அதை வெள்ளிக்கிழமைக்குள்ள ஃபில் பண்ணணும்."

போட்டோ வந்தது. ஆங்கில வரி எங்கள் அப்போதைய மேலதிகாரி லிமயே மேடத்தின் கையெழுத்து. அது உண்மையல்ல. செல்வராஜ் வெட்டவில்லை. வெட்டவில்லை என்று அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது என்று முப்பது வருஷமாக நம்பியிருந்தேன். அந்தத் தமிழ்க் குறிப்பில் என்ன இருந்தது என்பதை இடம் வரும்போது சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் செல்வராஜின் பக்கம் போய்விடுவீர்கள். எல்லோரும் அப்படித்தான் போனார்கள்.

என் ஆரம்ப வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கும்பகோணத்தில் தாவரவியல் படித்தேன். இங்கே தொழில்நுட்ப உதவியாளர் வேலை கிடைத்தது. காவிரிப் பாசனத்துப் பிள்ளை. குழாயில் தண்ணீர் நேரம் பார்த்துத்தான் வரும் என்பதையே இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். நாலு வருஷத்தில் ஒரு செடியை வேர் அறாமல் எடுக்கவும், ஹிந்தியில் மன்னிப்புக் கேட்கவும், இலைத்துளை எண்ணவும் கற்றேன். இலையின் அடிப்பக்கத்தில் வாய் போன்ற நுண்ணிய துளைகள் இருக்கின்றன. காற்று உள்ளே போவதும் நீராவி வெளியே வருவதும் அவற்றின் வழியாகத்தான். வறண்ட நிலத்துச் செடிக்கு வாயைச் சீக்கிரம் மூடிக்கொள்ளத் தெரியும். அந்த வாய்களை எண்ண, இலையில் நிறமில்லாத நகப்பூச்சைத் தடவி, காய்ந்ததும் ஒட்டு டேப்பால் உரித்து, அந்தத் தோலை நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். வாரம் ஒரு பாட்டில் துளசி பாக் கடைத்தெருவில் வாங்குவேன். வஹினிக்கு, அதாவது அண்ணிக்கு, வேறு கலரே பிடிக்காதா என்று கடைக்காரர் ஒருநாள் வருத்தமாக விசாரித்தார். எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை.

எங்கள் மேலதிகாரி லிமயே மேடம். ஐந்தடி உயரம், பருத்திப் புடவை, கீழே கான்வாஸ் ஷூ. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. விசாரணை என்றால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பார். நீங்கள் உண்மையைச் சொல்லும்வரை தனக்கு அவசரமில்லை என்று அதற்கு அர்த்தம். பாராட்டு என்றால் வாயால் சொல்ல மாட்டார். உங்கள் பென்சிலை எடுத்துச் சீவிக் கொடுப்பார்.

நோட்டில் பென்சிலால்தான் எழுத வேண்டும். ஈரம் பட்டால் மை ஓடிவிடும், பென்சில் நிற்கும். ஆனால் கூடத்துக்குள் ரப்பர் வரக்கூடாது. யார் பையிலாவது கண்டால் அது அவருடைய இழுப்பறைக்குப் போய்விடும். தவறாக எழுதிவிட்டால் குறுக்கே ஒரே ஒரு கோடு. அடித்தது கீழே படிக்கும்படி தெரிய வேண்டும். அதற்கு மேலே சரியானதை எழுதி, தேதி போட்டு, ஓரத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். தப்பும் தெரியணும், திருத்தினதும் தெரியணும், திருத்தினது யாருன்னும் தெரியணும் என்பது அவருடைய சட்டம்.

இந்தச் சமயத்தில்தான் செல்வராஜ் வந்து சேர்ந்தான். தாத்தா காலத்தில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து புணேயின் கட்கிக்கு வந்த குடும்பம். அப்பாவுக்கு அங்கே ராணுவத் தொழிற்சாலையில் வேலை. தமிழில் ஆரம்பித்து ஹிந்தியில் திரும்பி மராத்தியில் போய் நிற்பான். இன்னொரு தமிழன் வந்தானே என்று முதல் வாரம் சந்தோஷப்பட்டேன். இரண்டாவது வாரம் மேடம் அவனைச் 'செல்வா' என்று கூப்பிட்டார். நான் நாலு வருஷமாக 'மிஸ்டர் சுந்தரம்'. மூன்றாவது வாரம் மேடத்தின் டப்பாவிலிருந்து ஒரு தாலிபீட் அவன் தட்டுக்குப் போனது. தாலிபீட் என்றால் நம் அடைக்கு ஒன்றுவிட்ட தங்கை. அடை என்றால் எனக்கு உயிர். ஜீப்பில் முன்சீட்டு அவனுக்கு என்று ஆனது நாலாவது வாரம். கால் நீளமாம்.

அடுத்த வருஷம் மேடம் அருகம்புல் ஆராய்ச்சியை ஆரம்பித்தார். புணேயிலிருந்து மேற்கே ஜீப்பில் இரண்டு மணி நேரம் போனால் தாம்ஹிணி மலைச்சரிவு. நாலு மாதம் பாறையே ஒழுகும். கிழக்கே அதே இரண்டு மணி நேரம் போனால் ஷிரூர் பக்கத்து மேடுகள். மேகம் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். அருகம்புல் இரண்டு இடத்திலும் உண்டு. மலைச்சரிவுப் புல் நீளமானது, அகல இலை, வேரை மேலாகவே பரப்பிக்கொண்டு கிடக்கும். மேட்டுப் புல் குட்டை. இலை ஒடுங்கிச் சாம்பல் பூத்திருக்கும், வேர் கீழே கீழே போய்க்கொண்டே இருக்கும். இரண்டையும் ஒரே மண்ணில், ஒரே கூரையின் கீழ், ஒரே அளவு தண்ணீர் ஊற்றி வளர்த்தால் ஒன்றுபோல ஆகிவிடுமா, அல்லது பிறந்த இடத்துப் புத்தி கூடவே வருமா என்பதுதான் கேள்வி.

மலைச்சரிவுப் புல் அறுபது தொட்டி எனக்கு, மேட்டுப் புல் அறுபது தொட்டி செல்வராஜுக்கு. இருபதில் மண் தாங்கும் முழுத் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும், இருபதில் அதில் பாதி, இருபதில் கால். காலை ஏழு மணிக்கு ஒவ்வொரு தொட்டியாகத் தூக்கித் தராசில் வைக்க வேண்டும். மண்ணின் மேல் ஒரு விரற்கடைக்குச் சரளைக்கல் பரப்பியிருப்போம், வெயில் நேராகத் தண்ணீரைக் குடித்துவிடாமல் இருக்க. ஆகவே நேற்றைய எடைக்கு இன்று எவ்வளவு குறைந்ததோ, பெரும்பாலும் அவ்வளவும் புல் குடித்து இலை வழியாக விட்டது. அதை நோட்டில் எழுதி, அதே அளவை அளவுக் குவளையால் ஊற்றி, தொட்டியைப் பழைய இடத்தில் வைக்க வேண்டும். அறுபது முறை. ஞாயிற்றுக்கிழமையும் உண்டு.

என் புற்கள் என்னைப் போலவே இருந்தன. கால் தண்ணீர்த் தொட்டியில் முதல் வாரம், வீட்டு வாசலில் காவிரி ஓடுவதுபோல தாராளமாகக் குடித்தன. மூன்றாவது வாரம் இலையைச் சுருட்டிக்கொண்டு முறையிட்டன. ஆறாவது வாரம் பாதி போய்ச் சேர்ந்தன. செல்வராஜின் புற்கள் முதல் நாளே வாயை மூடிக்கொண்டன. முழுத் தண்ணீர் கொடுத்தாலும் தேவைக்கு மேல் தொடவில்லை. விருந்து வீட்டில் போதும் போதும் என்று இலையை மறைக்கும் விருந்தாளி மாதிரி. மேடம் அந்தத் தொட்டிகளின் முன்னால் நின்று அவன் பென்சிலைச் சீவினார். ஒரே வாரத்தில் இரண்டு முறை. அந்த வேகத்தில் போனால் அவனிடம் பென்சிலே மிஞ்சாது என்று கூட நான் ஆறுதல் தேடிப் பார்த்தேன்.

எங்களைப் போன்ற உதவியாளர்களின் பெயர் ஆராய்ச்சிக் கட்டுரையின் கடைசியில், நன்றி என்ற வரியில், மின்சாரம் பழுது பார்த்தவர் பெயரோடு சேர்ந்து வரும். இந்த முறை எங்களில் ஒருவர் பெயரைக் கட்டுரையின் மேலேயே, எழுதியவர்கள் வரிசையில் மூன்றாவதாகப் போடப்போவதாக மேடம் சொன்னார். யாருடைய நோட்டில் குறையில்லையோ அவர். அது யார் என்று வாசல் காவலருக்குக் கூடத் தெரியும். எனக்கு அந்த மூன்றாவது இடம் வேண்டும். சாப்பிடும்போது வேண்டும், பஸ்ஸில் தொங்கும்போது வேண்டும். அதற்குமுன் என் பெயர் அச்சில் வந்தது ஒரே முறை, கல்லூரி மலரில். கல்யாணசுந்தரத்தைக் கல்யாணராமன் என்று போட்டிருந்தார்கள்.

அப்போதுதான் கணபதி வந்தார். புணேயில் கணபதி வைக்காத அலுவலகம் அபூர்வம். எங்கள் கூடத்தில் ஐந்து நாள். எல்லாவற்றையும் நடத்துவது அலுவலகக் கண்காணிப்பாளர் ஜோஷிபாயி. பாயி என்றால் மராத்தியில் நம் அம்மா, மாமி மாதிரி மரியாதை. வருஷா வருஷம் எல்லோருக்கும் மோதகம் செய்து கொண்டுவருவார். காலை ஆரத்திக்கும் மாலை ஆரத்திக்கும் கணபதிக்கு இருபத்தோரு அருகம்புல் கொழுந்து வேண்டும். வழக்கமாகத் தோட்டத்துப் புல்தரையிலிருந்து பறிப்பார்கள். அந்த வருஷம் தரைக்குப் பூச்சி மருந்து அடித்துவிட்டார்கள். மருந்து அடித்த புல்லைச் சாமிக்கு வைக்க ஜோஷிபாயிக்கு மனம் வரவில்லை.

செல்வராஜ் இரண்டு நாள் லீவு. கட்கியில் அவர்கள் சந்துக் கணபதிக்கு அவன்தான் எல்லாம். அவன் தொட்டிகளையும் நான்தான் நிறுத்துக்கொண்டிருந்தேன். ஜோஷிபாயி ஒரு எவர்சில்வர் தட்டும் சின்னக் கத்தரிக்கோலுமாக வந்தார். வாசலுக்குப் பக்கத்தில் இருந்த என் முதல் தொட்டியிடம் குனிந்தார். நான் தாவினேன். பாயி, அது ஆராய்ச்சி, தொட்டால் மேடம் என்னைத் தொலைத்துவிடுவார் என்றேன். பாவம், காதைத் தொட்டு மன்னிப்புக் கேட்டார். பிறகு எதிர்வரிசையைக் காட்டி, அது என்று ஒரு கேள்விக்குறியோடு நின்றார்.

நான் தராசைப் பார்த்தேன். ஒரு தொட்டியின் எடையை என் வாழ்நாளில் அவ்வளவு நுணுக்கமாகப் படித்ததில்லை. மூன்று தடவை படித்தேன். கத்தரிக்கோலின் சத்தம் கேட்டது. முடி வெட்டிக்கொள்ளும்போதெல்லாம் இன்னும் கேட்கிறது. இப்போது அது மாதத்துக்கு ஒரு முறைகூட இல்லை என்பது ஒரு வசதி.

முழுத் தண்ணீர்த் தொட்டிகளில்தான் கொழுந்து இளசாக இருந்தது. இரண்டு நாள், நாலு ஆரத்தி, ஆறு தொட்டி. மீதி மூன்று நாளும் கடைத்தெருப் புல் வந்தது. கொழுந்து போனால் இலை குறைவு. இலை குறைந்தால் வாய் குறைவு. வாய் குறைந்தால் குடிப்பதும் குறைவு. அடுத்த நாள் முதல் அந்த ஆறு தொட்டிகளின் எடை இறங்கவே யோசித்தது.

லீவு முடிந்து வந்த செல்வராஜ் அந்தத் தொட்டிகளின் முன்னால் உட்கார்ந்து புல்லின் முனைகளைத் தொட்டுப் பார்த்தான்.

"அண்ணே, இங்க யாராச்சும் வந்தாங்களா?"

"கவனிக்கலையே" என்றேன்.

"அச்சா" என்று எழுந்து, முதல் தொட்டியைத் தூக்கினான்.

நாலாம் நாள் மேடம் இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நேராக வந்து, கழுத்தில் தொங்கும் கைலென்ஸால் வெட்டு முனைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வெட்டுக்கிளி தின்றால் ஓரம் பிசிறும். எலி கடித்தால் நசுங்கும். இது நேர்வெட்டு. எங்களை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கைக்கடிகாரம் மேசைமேல் வந்து உட்கார்ந்தது.

அந்த அறையில் மின்விசிறி கிடையாது. கடிகாரத்தின் சத்தம் நன்றாகக் கேட்டது. நான் வாயைத் திறக்கத்தான் போனேன் என்று இத்தனை வருஷமாக எனக்கே சொல்லிவந்திருக்கிறேன். மூடத் தெரியாத புற்களை வளர்த்தவன் நான். அன்றைக்கு என் வாய் மட்டும் ஷிரூர் மேட்டிலிருந்து வந்ததுபோல மூடிக்கொண்டது.

"நான்தான் மேடம்" என்றான் செல்வராஜ், ஹிந்தியில். "கணபதிக்கு வெட்டினேன்."

மேடம் அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவனைப் பார்த்ததைவிட அதிக நேரம். கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, அவன் நோட்டை வாங்கி அந்த வரியை எழுதினார். ஆறு தொட்டிகள் கணக்கிலிருந்து விலக்கப்பட்டன. மீதி இருந்ததே ஆராய்ச்சிக்குப் போதுமானதாக இருந்தது. மேட்டுப் புல் எங்கே போனாலும் மேட்டுப் புல்தான் என்று முடிவு வந்தது. கட்டுரை வெளியானது. மூன்றாவது பெயர் கல்யாணசுந்தரம். ஒரு எழுத்துகூடப் பிழையில்லை.

ஜோஷிபாயியைக் காப்பாற்றத்தான் செல்வராஜ் அப்படிச் சொன்னான் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். அந்த மோதகத்துக்கு எல்லோரும்தான் கடன்பட்டிருந்தோம். அவன் நோட்டைத் திறந்து பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை. திறந்தால் அவன் கையெழுத்து அழகாக இருப்பது தெரிந்துவிடும்.

ஜெயித்தவனுக்குப் பொறாமை தீர்ந்துவிடும் என்றுதானே நினைப்பீர்கள்? கட்டுரைப் பிரதி வந்த அன்றும் தாலிபீட் அவன் தட்டுக்குத்தான் போனது. மேடம் ஓய்வுபெற்ற நாளில் கழுத்திலிருந்த கைலென்ஸைக் கழற்றிச் செல்வராஜிடம் கொடுத்தார். எனக்கு ஒரு பென்சில் கொடுத்தார். புதுசு. சீவாதது.

இப்போது அந்தத் தமிழ்க் குறிப்பு. மேடத்துக்குப் புரியாத மொழியில், மேடத்தின் வரிக்குக் கீழேயே எழுதியிருந்தான்:

"ஜோஷிபாயிதான் வெட்டினாங்க, கேட்டேன். சுந்தரண்ணன் பக்கத்துலயே இருந்தாராம். மேடம்கிட்ட நான்னு சொல்லிட்டேன். அண்ணனுக்கு அந்தப் பேர் ரொம்ப வேணும். எனக்கு இல்லாட்டியும் ஓடும்."

திட்டி எழுதியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். திட்டுக்குப் பதில் திட்டு என்னிடம் கைவசம் உண்டு. அண்ணனுக்கு ரொம்ப வேணும் என்பதற்கு என்ன பதில் இருக்கிறது? என்னைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றில் இவ்வளவு சரியான வாக்கியம் வேறில்லை. அதையும் நான் எழுதவில்லை. முப்பது வருஷம் பக்கத்து வரிசையில் நின்றுகொண்டு, தினமும் காலையில் 'குட்மார்னிங்ணே' என்று சொல்லிக்கொண்டு, இதை ஒருநாள்கூடக் காட்டாமல் இருந்திருக்கிறான். அந்த அளவு எனக்கு வருமா என்று யோசித்தேன். வராது. இதுதான் என்னால் மன்னிக்க முடியாதது.

ரம்யாவுக்குப் பதில் அடித்தேன்: 'தொட்டிகளைப் பற்றிய சாதாரணக் குறிப்பு, முக்கியமில்லை.' அனுப்பவில்லை. அழித்தேன். புதன்கிழமை மறுபடி அடித்து மறுபடி அழித்தேன். கைப்பேசியில் அழித்தால் தடமே இருப்பதில்லை. மேடம் இருந்திருந்தால் அதையும் இழுப்பறையில் போட்டிருப்பார். கட்டத்தில் மேடத்தின் வரியையே ஏற்றிவிட்டால், செல்வராஜ் ஆராய்ச்சிப் புல்லை வெட்டியவன் என்பது இனி கணினி உள்ளவரை நிற்கும். நான் படிப்பேன் என்று தெரிந்துதான் அந்தப் பெண்ணை என்னிடம் அனுப்பியிருக்கிறான்.

வியாழக்கிழமை காலை அலமாரியைத் துழாவி மேடம் கொடுத்த பென்சிலை எடுத்தேன். யாரும் சீவிக் கொடுக்கப் போவதில்லை. நானே சீவினேன். ஆட்டோ பிடித்துக் கூடத்துக்குப் போனேன். தராசுகள் பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டு தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. ரம்யா நோட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

செல்வராஜ் என்ற பெயரின் குறுக்கே ஒரே ஒரு கோடு போட்டேன், கீழே படிக்கும்படி. அதற்கு மேலே ஆங்கிலத்தில் எழுதினேன்: ஜோஷிபாயி அறியாமல் வெட்டினார்; அறிந்தும் தடுக்காதவர் கல்யாணசுந்தரம். அன்றைய தேதி போட்டு ஓரத்தில் கையெழுத்து வைத்தேன். பிறகு அந்தத் தமிழ்க் குறிப்பை ஒரு சொல் விடாமல் அவளுக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப என்ற சொல்லையும் விடவில்லை.

அவள் நோட்டைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அப்போ அந்தப் பேப்பர்ல மூணாவது பேரு, அங்கிள்?"

"அது அச்சுல வந்ததும்மா. அங்க பென்சில் நிக்காது" என்றேன். அதற்கும் ஒரு வழி இருக்கும், பத்திரிகைக்கு எழுதிப் பார்க்கிறேன் என்றாள். எழுது என்றேன். சொல்லிவிட்டு அவள் மேசையிலிருந்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன். காவிரிப் பிள்ளை.

அவள் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துச் செல்வராஜுக்கும் அனுப்பியிருக்கிறாள். வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோ அடுத்த சிக்னலைத் தாண்டுவதற்குள் கைப்பேசி அடித்தது. எடுத்துக் காதில் வைத்தேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று நான் தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் நீளமானது, இரண்டு துணைவாக்கியம் கொண்டது. அதற்குச் செல்வராஜ் இடமே கொடுக்கவில்லை.

"என்னண்ணே, அப்போ பேப்பர்ல என் பேரு வரவேண்டிய இடத்துல உங்க பேரு. இப்போ நோட்டுலயும் என் பேரை அடிச்சுட்டு உங்க பேரு. அரே, ஒரு இடத்துலயாச்சும் என்னை விட்டு வைக்கக் கூடாதா?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை.

இந்த மலரில் நான் வருஷம் தவறாமல் நகைச்சுவை எழுதுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வரி எனக்கு வரவில்லை. அதுவும் அவனுக்குத்தான் வந்திருக்கிறது.